சூரஜுக்குப் பேசியவள்

அம்சவேணிக்கு ஐந்து வயதில் தொண்டை அடைப்பான் வந்தது. பிள்ளை பிழைத்தது, குரல் போய்விட்டது என்று அவள் அம்மா சந்திரம்மாள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் குரல் போகவில்லை. ஜலதோஷம் பிடித்த ஒரு பதிமூன்று வயதுப் பையனின் குரலாகத் திரும்பி வந்தது. முப்பது வயதிலும் அது அப்படியேதான் இருந்தது.

அவள் அப்பா சிவஞானம் திண்டுக்கல்லிலிருந்து டில்லிக்கு வந்து ஒரு மத்திய அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவர். கிட்வாய் நகரில் அவருக்கு ஒதுக்கிய மாடி வீட்டில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள். தமிழ் பேசினாலும் சண்டை என்று வந்தால் இந்திக்குத் தாவிவிடுவாள். ஸ்கூலில் பையன்கள் அவளை 'பாய்சாப்', அதாவது அண்ணாச்சி, என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்ட ஒருவனின் பல்லை அவள் டிபன் பாக்ஸால் உடைத்த பிறகு, காதுபடக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

நேரு பிளேஸில் ஒரு கம்பெனியில் அவளுக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றும் தெரிந்தவள், யாருக்கும் பயப்படமாட்டாள் என்று மானேஜர் எடுத்தார். ஆனால் போனில் அழைப்பவர்கள் அவளைச் சின்னப் பையன் என்றே நினைத்தார்கள்.

"பேட்டா, அங்கே பெரியவங்க யாராவது இருந்தா கூப்பிடு."

"பெரியவங்க யாரும் இல்லை. இங்கே எல்லாருமே பசங்கதான்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிடுவாள். மாதத்துக்கு ஒருமுறையாவது இதற்காக மானேஜர் முன்னால் போய் நிற்பாள்.

ஜனக்புரியிலிருந்து ஒரு வங்கிக்காரப் பையனின் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். முகம் பிடித்துவிட்டது. காபி பிடித்துவிட்டது. பையனின் அம்மா, "ஒரு பாட்டுப் பாடேம்மா" என்றாள். "எனக்குப் பாட்டு வராதுங்க" என்று அம்சவேணி சொன்னதுதான் தாமதம், பையனின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பையனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"சிரிச்சு முடிச்சாச்சுன்னா கிளம்பலாம். எழுநூத்து இருபது நம்பர் பஸ் இப்பத்தான் வரும்" என்றாள் அம்சவேணி.

அதற்குப் பிறகு பெண் பார்க்க யாரும் வரவில்லை. அவளும் யாரையும் வரவிடவில்லை. அப்பாவோடு கோபம், அம்மாவோடு கோபம், கீழ்வீட்டு வத்சலாவோடு தண்ணீர்க் குழாய் விஷயத்தில் தீராத சண்டை. காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் கீழே குழாயைத் திறந்துவிட்டால் மாடிக்கு ஏறாது. படிக்கட்டில் நின்று அம்சவேணி கத்துவது அந்த வரிசை முழுக்கக் கேட்கும். "மாடியில அந்தப் பையன் ஆரம்பிச்சுட்டான்" என்று வத்சலா தன் வீட்டுக்குள் சொல்வது மேலே கேட்கும்.

இந்த நிலையில்தான் சாப்ரா போன் செய்தான்.

ஆசிய விளையாட்டுகளுக்குப் பிறகு டில்லியில் கலர் டிவியும் வீடியோவும் பரவிவிட்ட காலம் அது. தெருவுக்குத் தெரு கேசட் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள். சாப்ரா அப்படிப்பட்ட கடைகளுக்குக் கேசட் சப்ளை செய்பவன். அவள் கம்பெனியில் யாரையோ கேட்டு அழைத்தவன், அவள் "லைன் பிஸி" என்று சொன்ன மறுவிநாடி, தான் எதற்கு அழைத்தான் என்பதையே மறந்துவிட்டான்.

"பேட்டா, உன் வயசு என்ன?"

"உன் அம்மாவோட வயசு" என்று சொல்லித் துண்டித்தாள்.

அவன் திரும்பத் திரும்ப அழைத்தான். கடைசியில் நேரிலேயே வந்துவிட்டான். சஃபாரி சூட், விரலுக்கு விரல் மோதிரம். ஸ்விட்ச்போர்டுக்கு முன்னால் சேலை கட்டிய பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஒரு விநாடி திகைத்து, பிறகு கையைத் தட்டிச் சிரித்தான்.

"இதைவிட நல்லது! நிஜப் பையன் என்றால் ஆறு மாசத்தில் குரல் உடைந்துவிடும். உங்களுடையது உடையாதில்லையா?"

அவள் வாழ்க்கையில் அந்தக் குரலைப் பற்றி யாரோ சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அதையும் அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டாள். இருந்தும், மறுநாள் சனிக்கிழமை, லாஜ்பத் நகரில் அவன் சொன்ன விலாசத்துக்குப் போனாள்.

ஒரு வீட்டின் நிலவறை அது. சுவரெல்லாம் பழைய ரஜாய்ப் பஞ்சுப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மைக், எதிரே ஒரு டிவி. சாப்ரா ஜப்பானிலிருந்து ஒரு கார்ட்டூன் தொடரின் உரிமையை வாங்கியிருந்தான். அங்கே எழுபதுகளில் வந்து, ஒரு தலைமுறைப் பிள்ளைகளையே பைத்தியமாக்கிய தொடர். அதை இந்தியில் பேசவைத்துக் கேசட்டாக விற்பது அவன் திட்டம்.

கதையை அவளுக்குச் சொன்னவன் ராஜாராமன். ஆர்.கே.புரத்துப் பையன், யூனிவர்சிட்டியில் ஜப்பானிய மொழி படித்தவன். வசனத்தை ஜப்பானியத்திலிருந்து இந்திக்கு மாற்றிக் கொடுப்பது அவன் வேலை.

"பூமியில தண்ணி வத்திப்போயிடறது. வெண்கொக்குன்னு ஒரு கப்பல். வானத்துல எங்கேயோ பனியாலேயே ஆன ஒரு நட்சத்திரம் இருக்கு, அங்கேர்ந்து பனியை வெட்டிண்டு வரப்போறா. அந்தக் கப்பல்ல ஒரு அநாதைப் பையன் திருட்டுத்தனமா ஏறிடறான். ஜப்பான்ல அவன் பேர் ஹரூவோ. சாப்ரா அவனுக்கு சூரஜ்னு பேர் வெச்சிருக்கான். கேப்டனுக்கு அவனைக் கண்டா ஆகாது. வெளியில தூக்கிப் போட்டுடுவேன்னு மிரட்டிண்டே இருப்பார். அவனுக்குத்தான் நீங்க பேசணும்."

"அவன் அழுவானா?"

"இங்கே எழுதியிருக்கு, கெஞ்சறான்னு."

"கெஞ்சமாட்டான்" என்றாள் அம்சவேணி. "திருட்டுத்தனமா ஏறினவன் எதுக்குக் கெஞ்சப் போறான்? சண்டை போடுவான்."

படம் ஓடியது. கேப்டன், பையனின் காலரைப் பிடித்துத் தூக்குகிறார். ராஜாராமன் எழுதிய வசனத்தைத் தள்ளிவிட்டு அவள் மைக்கில் சொன்னாள்: "கை எடு! என்னை வெளியே தள்ளினால் உன் கப்பலின் கதவையும் பிடுங்கிக்கொண்டுதான் போவேன்!" படத்தில் இருந்த பையனின் வாய் அந்த வார்த்தைகளுக்காகவே வரைந்ததுபோல அசைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிக்கார்டிங் செய்தவன் வாயைப் பிளந்தான்.

ராஜாராமனுக்கு மட்டும் கோபம். "மூலத்துல இப்படி இல்லை" என்றான்.

"மூலத்தை ஜப்பான்லயே வெச்சுக்கோங்க. உங்க இந்தியைப் பேசினா டில்லிக் குழந்தைங்க சிரிக்கும். 'யான் வருந்துகிறேன்'ங்கற மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க."

அவன் முகம் சிவந்தது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து வசனத்தை அவளிடம் காட்டிய பிறகே தட்டச்சுக்குக் கொடுத்தான்.

சனி, ஞாயிறு முழுக்க அந்த நிலவறைதான். ஒலிப்பதிவு ஓடும்போது மின்விசிறி போடக் கூடாது. மே மாதத்தில் ரஜாய்ச் சுவர்களுக்கு நடுவே, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ள, அவள் சூரஜாகக் கத்தினாள், உதைத்தாள், பனிப்புயலில் மூச்சிரைத்தாள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் சத்தத்தில் எதுவும் செய்ய முடியாது. வாசலில் உட்கார்ந்து சாப்ராவைத் திட்டினாள். வருடக்கணக்கில் படிக்கட்டில் கத்தித் தீர்த்ததையெல்லாம் இப்போது மைக்கில் கத்தினாள். வீட்டில் சண்டை குறைந்தது. சந்திரம்மாளுக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது.

"ஏன்டி, எங்கேதான் போறே? அடுத்தவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"கார்ட்டூன்ல பேசப் போறேன்னு சொல்லு."

"அதைச் சொன்னா இன்னும் அசிங்கம்" என்றாள் அம்மா.

தொடர் வெளிவந்தது. தீபாவளிக்குள் டில்லி வீடியோ கடைகளில் வெண்கொக்குக் கேசட் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிட்வாய் நகர் மைதானத்தில் பையன்கள் ஒருவன் காலரை ஒருவன் பிடித்துக்கொண்டு, "கதவையும் பிடுங்கிக்கொண்டுதான் போவேன்" என்று கத்தினார்கள். ஆபீஸ் விட்டு வரும்போது அதைக் கேட்டு அம்சவேணி ஒரு மரத்தடியில் நின்றாள். தான் மைக்கில் அந்த நிமிஷம் கட்டிச் சொன்ன வசனம். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வத்சலாவின் வீட்டில் புதிதாக வி.சி.ஆர். வாங்கியிருந்தார்கள். அவள் மகளின் பிறந்தநாளுக்குக் காலனிப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு வெண்கொக்கு போட்டுக் காட்டினாள். சிவஞானம் மகளை வற்புறுத்திக் கீழே அழைத்துப் போனார். அங்கே இருந்தவர்களில் அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். மகளின் பெயர் திரையில் வருவதைப் பார்க்க ஆசை.

படகு மாதிரியான கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே புறப்பட்டது. இசை. பிறகு இந்தி எழுத்துகள்: 'சூரஜின் குரல் - விக்கி குமார்.'

"யாரும்மா அது?" என்று சிவஞானம் மெதுவாகக் கேட்டார்.

அவளுக்குத் தெரியும். விக்கி குமார் சாப்ராவின் மச்சான். சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, நெற்றியில் முடியை விழவிட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் சும்மா உட்கார்ந்திருந்தவன். கப்பலில் சமையற்காரனுக்குப் பேசியவன்.

அவள் எழுந்து வெளியே போனாள். வத்சலா பின்னாலிருந்து, "கேக் வெட்டலையே இன்னும்" என்றாள்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு லாஜ்பத் நகர் போனாள். சாப்ரா பராத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோபப்படவே இல்லை.

"அரே, உட்காருங்க மேடம். நடைமுறையை யோசிங்க. முப்பது வயசு மதராசிப் பெண் ஒருத்தி சூரஜுக்குப் பேசினாள் என்று போட்டால் குழந்தைகள் ஏற்குமா? விக்கி இளைஞன், பார்க்க நன்றாக இருக்கிறான். பத்திரிகைக்காரர்கள் போட்டோ கேட்கிறார்கள். உங்களுக்குச் சேரவேண்டியது வந்துவிட்டதில்லையா? பெயரில் என்ன இருக்கிறது?"

"ஒண்ணும் இல்லைன்னா என் பேரைப் போட்டிருக்கலாமே."

"வாயில் நுழைய வேண்டாமா உங்கள் பெயர்?"

மூலையில் உட்கார்ந்திருந்த ராஜாராமன் அப்போதுதான் வாயைத் திறந்தான். தமிழில், அவளைப் பார்க்காமலே சொன்னான்: "உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். ஜப்பான்ல ஹரூவோவுக்குப் பேசினதும் ஒரு பொம்மனாட்டிதான். அங்கே அதுதான் வழக்கம். படம் ஆரம்பிக்கறச்சே ரெண்டாவதா அவ பேர் வரும். பெரிசா. சாப்ரா அதைத்தான் அழிச்சுட்டு மேலே இவன் பேரை எழுதினான்."

முகம் தெரியாத அந்த ஜப்பான்காரியின் பெயரையும் அழித்திருக்கிறான். தன்னுடையதை எழுதவே இல்லை. அம்சவேணி சாப்ராவின் பராத்தாத் தட்டை எடுத்தாள். ரஜாய்ச் சுவரில் எறிந்தாள். ஊறுகாய் எண்ணெய் நீளமாக வழிந்தது. வெளியே வந்தாள்.

ஜப்பானில் அந்தத் தொடரோடு நிற்கவில்லை. பிள்ளைகள் விடாமல் கேட்டதால் அதன் தொடர்ச்சியாகத் திரைப்படங்கள் எடுத்திருந்தார்கள். முதல் படம் பழைய கதையையே சுருக்கிச் சொல்லி, முடிவை மட்டும் மாற்றியது: கப்பலைக் காப்பாற்றுவதற்காகக் கேப்டன் பனி நட்சத்திரத்திலேயே தங்கி இறந்துபோகிறார். சாப்ரா அதை வாங்கினான். இந்த முறை கேசட் இல்லை, தியேட்டரிலேயே காட்டப்போவதாக ஊரெல்லாம் சொன்னான். சூரஜுக்குப் பேச விக்கி முயற்சி செய்தான். தொண்டையை இறுக்கிப் பேசியதில் பூனையை மிதித்த மாதிரி வந்தது. சாப்ரா இரண்டு பையன்களைக் கூட்டிவந்து பார்த்தான். முன்னோட்டத்தைக் கேட்ட தியேட்டர்காரர்கள், "இது சூரஜ் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள்.

சாப்ரா இனிப்புப் பெட்டியோடு கிட்வாய் நகர் மாடிப்படி ஏறி வந்தான். கதவைத் திறந்தவர் சிவஞானம்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து அம்சவேணி கேட்டாள்.

"உன் பேரைத் தின்னவன் வந்திருக்கான்" என்றார் சிவஞானம். வாழ்நாளில் யாரையும் அப்படிப் பேசாத மனிதர். சாப்ராவுக்குத் தமிழ் புரியாது. புன்னகைத்தான்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். திரையில் தன் பெயர். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவள் நம்பினாளா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேப்டன் சாகும்போது சூரஜ் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதை வேறு யாராவது பேசுவதை நினைத்தாலே நெஞ்சு எரிந்தது.

அந்தக் காட்சிக்கு ராஜாராமன் நீளமான வசனம் எழுதியிருந்தான். அவள் அதைப் பேசவில்லை. "இப்பக்கூட நீங்கதான் ஜெயிச்சீங்க இல்லே? போங்க!" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு வெறுப்போடு சொன்னாள். ரிக்கார்டிங் செய்தவன் மெஷினை நிறுத்த மறந்துவிட்டான். நாடாவில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தமும் பதிவாகி, படத்தில் அப்படியே இருந்தது.

தியேட்டரில் முதல் காட்சி, ஞாயிறு காலை. அப்பாவும் மகளும் போனார்கள். ஆரம்பத்தில் பெயர் வரவில்லை. "முடிவுல வரும்" என்றாள் அப்பாவிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. கேப்டன் இறந்தபோது அரங்கம் முழுக்கப் பிள்ளைகள் தேம்பினார்கள். படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. சமையற்காரன், மாலுமி, டாக்டர். இன்னும் கொஞ்சம் ஏறினால் அவள் பெயர். அந்த நொடியில் விளக்குகள் எரிந்தன, திரை இழுபட்டது, சாப்ரா மேடைக்கு வந்தான்.

"குழந்தைகளே! உங்கள் சூரஜ் இங்கேயே வந்திருக்கிறான்!"

விக்கி குமார் வெள்ளை உடையில், சூரஜ் மாதிரி கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஓடி வந்தான். கூச்சல் கூரையைப் பிளந்தது. அவன் மைக்கை வாய்க்கு அருகே பிடித்தான். ஒலிபெருக்கியில் அம்சவேணியின் குரல் வந்தது: "கை எடு! என்னை வெளியே தள்ளினால்..." திரைக்குப் பின்னால் யாரோ டேப் ரிக்கார்டரை ஓட்டினார்கள். விக்கி வாயை மட்டும் அசைத்தான். அதைக்கூடச் சரியாக அசைக்கவில்லை.

அம்சவேணி எழுந்து நின்றாள். சிவஞானம் அவள் முந்தானையைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார்.

"...உன் கப்பலின் கதவையும் பிடுங்கிக்கொண்டுதான் போவேன்!"

ஒலிபெருக்கியைவிட அது பெரிதாகக் கேட்டது. அரங்கம் திரும்பியது. மேடையில் விக்கியின் வாய் திறந்தபடியே நின்றது. அவனுக்குப் பின்னால் டேப் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டது. நடு வரிசையில், சுங்கடிச் சேலையில், எண்ணெய் வைத்த தலையோடு ஒரு பெண், சூரஜின் குரலில் இந்தியில் பேசினாள்.

"நான்தான் சூரஜ். அவன் சமையற்காரன். அவனைப் பேசச் சொல்லுங்கள், மைக் இல்லாமல்."

பிள்ளைகள் தன் பக்கம் வருவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் வீறிட்டு அழுதாள்: "மம்மி, அந்த ஆன்ட்டி சூரஜைத் தின்னுட்டா!" அடுத்து ஒரு பையன் 'ஊ...' என்று ஊளையிட்டான். அது தீ மாதிரி பரவியது. பாப்கார்ன் பொட்டலம் ஒன்று அவள் தோளில் பட்டு உடைந்தது. "பொய்! பொய்!" என்று அரங்கமே கத்தியது. அவர்கள் சூரஜைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள், அவளிடமிருந்து.

அவளும் அடங்கவில்லை. வெளியே போகும்வரை திரும்பித் திரும்பித் திட்டிக்கொண்டே போனாள். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் குரல் நின்றுவிட்டது.

இறங்கும்போது சிவஞானம் சொன்னார்: "அந்தப் புள்ளைங்க மேல கோவப்படாதம்மா. நீ அவ்வளவு நல்லாப் பேசியிருக்கே. அதான் நம்பமாட்டேங்குதுங்க."

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றாள்.

அடுத்த வருடம் ராஜாராமன் நேரு பிளேஸ் வந்து அவளைப் பார்த்தான். இரண்டாம் படத்தையும் சாப்ரா வாங்கிவிட்டான் என்றான். கதையில் பத்து வருடம் ஆகிவிட்டது. சூரஜ் வளர்ந்து வெண்கொக்கின் கேப்டன். வளர்ந்த சூரஜுக்கு விக்கியே பேசுகிறான், சொந்தக் குரலில்.

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"இல்லை. இந்தப் படத்துல ஒரு ராணி வரா. பனி நட்சத்திரத்தோட ராணி. இவாள்லாம் பனியை வெட்டி எடுத்துண்டு போனாளே, அது அவ தேசம். என் தண்ணியைத் திருடினவன் எங்கேன்னு கேட்டுண்டு பூமிக்கு வரா. அவளுக்குப் பேச ரேடியோ நாடகக்காரி ஒருத்தியைப் போட்டிருக்கான். தேன் மாதிரி பேசறா. கேட்டா ராணி தண்ணி தரவே வந்திருக்கா போல இருக்கு. பம்பாய் விநியோகஸ்தர் வேண்டாம்னுட்டார்."

அம்சவேணி ஹெட்போனைக் கழற்றினாள்.

"அவளோடதுதானே அந்தத் தண்ணி?"

"ஆமாம்."

"நான் வரேன்."

இந்த முறை அவள் நிபந்தனை வேறு மாதிரி இருந்தது. பெயரை எழுதி, அதைத் தன் கண் முன்னால் படம் பிடித்து, படத்தின் தலைப்பில் ஒட்டிய பிறகுதான் வாயைத் திறப்பாள். சாப்ரா கத்தினான். விக்கிக்கு மேடையில் நேர்ந்த அவமானத்தைச் சொல்லிச் சொல்லிக் கத்தினான். அவள் வாசல்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள். கடைசியில் பெயிண்டர் வந்தான். கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தில் 'அன்சவேனி' என்று எழுதினான்.

"தப்பு. திரும்ப எழுது."

"மேடம், காய்ந்துவிட்டது."

"வேறு அட்டை எடு. ஜல்தி."

மூன்றாவது அட்டையில் சரியாக வந்தது: 'பனி ராணியின் குரல் - அம்சவேணி சிவஞானம்.' அதைக் கேமரா பிடித்து முடித்ததும் அவள் மைக் முன்னால் போய் நின்றாள். ஒரே மைக். எதிர்ப்பக்கம் விக்கி.

ராணிக்கு அவள் பையன் குரலைக் கொடுக்கவில்லை. அதே குரலைக் கீழே இறக்கினாள், மெதுவாக்கினாள், கரகரப்பை மறைக்காமல் விட்டாள். பனிக்கட்டி உரசுவதுபோல அது வந்தது. கத்தவே இல்லை. படத்தில் ராணி சூரஜின் கப்பலுக்குள் நுழைகிறாள்.

"என்னுடையதை எடுத்துக்கொண்டு போனாய்" என்றாள் அம்சவேணி, திரையைப் பார்க்காமல் விக்கியைப் பார்த்து. "அதைக் குடித்தாய். அதில் குளித்தாய். அது உன்னுடையது என்றே ஊருக்குச் சொன்னாய்."

விக்கி, "அது... எங்கள் மக்களுக்காக..." என்று தொடங்கித் தடுமாறினான். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் தடுமாறினான். அடுத்த முறை அவன் குரல் நடுங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ராஜாராமன் ஜப்பானியத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒலிப்பதிவுக்காரனிடம், "நடுங்கறது நன்னாத்தான் இருக்கு. அப்படியே வெச்சுக்கோங்கோ" என்று கிசுகிசுத்தான்.

ஆனால் கதையில் ராணி தோற்கத்தான் வேண்டும். கடைசிக் காட்சியில் சூரஜ் அவளைச் சூரியனுக்கு எதிரே நிறுத்துகிறான். அவள் உருகிப் போகிறாள். மூலத்தில் அவள் அவனை மன்னித்துவிட்டு உருகுவாள். ராஜாராமன் அப்படித்தான் எழுதிக் கொடுத்தான்.

"மன்னிக்கமாட்டா" என்றாள் அம்சவேணி.

"இந்தத் தடவை நீங்க மாத்தக் கூடாது. அதுதான் படமே. அங்கே எல்லாரும் அழுத இடம்."

"அவ எதுக்கு மன்னிக்கணும்? அவன் திருப்பிக் கொடுத்தானா?"

"கொடுக்கலை."

"அப்புறம்?"

சாப்ரா கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினான். விக்கி மூலையில் வியர்வையைத் துடைத்தான். கடைசியில் ராஜாராமன் பேனாவால் அந்த வரியை அடித்தான். "என்னவோ செய்யுங்கோ" என்றான்.

படம் ஓடியது. ராணியின் கை உருகுகிறது, கிரீடம் உருகுகிறது. உதடுகள் அசைகின்றன. அம்சவேணி விக்கியின் முகத்துக்கு அருகே குனிந்து, அதே மெல்லிய குரலில் சொன்னாள்: "இனி நீ குடிக்கும் ஒவ்வொரு வாய்த் தண்ணீரிலும் நான் இருப்பேன்."

விக்கி ஓரடி பின்வாங்கினான். ஸ்டாண்டில் கால் தடுக்கிய சத்தமும் படத்தில் இருக்கிறது.

படம் ஓடியது, நன்றாகவே ஓடியது. திரையில் அவள் பெயர் வந்தது; சிவஞானம் மூன்று காட்சி பார்த்தார், அந்த அட்டை வரும்வரை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவார் என்று சந்திரம்மாள் கேலி செய்தாள். ஒரு பத்திரிகை, வில்லி நடிகையின் குரல் குழந்தைகளைப் பயமுறுத்துகிறது, இப்படிப்பட்ட படங்களுக்குத் தணிக்கை தேவை என்று கண்டித்து எழுதியது. அம்சவேணி அதை வெட்டி ஸ்விட்ச்போர்டில் ஒட்டினாள். மானேஜர் கிழிக்கச் சொல்லியும் கிழிக்கவில்லை.

சாப்ராவுக்கும் அவளுக்கும் சமாதானம் ஆகவே இல்லை. டிவியில் கேபிள் வரத் தொடங்கியதும் அவன் தொழில் படுத்துவிட்டது. கடையை மூடிவிட்டு பம்பாய் போனான். விக்கி நடிகனாகவில்லை. ராஜாராமன் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தான். பார்க்கும்போதெல்லாம் இருவரும் ஏதாவது ஒரு வினைச்சொல்லுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அம்சவேணி ரேடியோ நாடகங்களில் மாமியார்களுக்கும் பேய்களுக்கும் கொலைகாரிகளுக்கும் பேசினாள். நல்ல பாத்திரம் கொடுத்தால் மறுத்துவிடுவாள்.

காலனிப் பிள்ளைகள் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தன. வளர்ந்த பையன்கள்கூட. முன்பெல்லாம் அவள் பேசினால் சிரித்தவர்களும் இப்போது சிரிக்கவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னாள்.

ஒரு மாலை, கீழ்வீட்டில் வத்சலா தன் இளைய மகளோடு போராடிக்கொண்டிருந்தாள். சோற்றுத் தட்டு கீழே வைக்கப்படும் சத்தம், அழுகை, அதட்டல்.

"இப்பச் சாப்பிடறியா, இல்லே மாடி ஆன்ட்டியைக் கூப்பிடவா?"

அழுகை நிற்கவில்லை. மேலே பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்சவேணி கையை நிறுத்தினாள். கம்பிக்கு மேலே குனிந்து, பனி உரசும் குரலில் சொன்னாள்:

"தட்டு காலியாகணும்."

கீழே அழுகை நின்றது. பிறகு அவசர அவசரமாக மெல்லும் சத்தம். சற்றுப் பொறுத்து வத்சலா வெளியே வந்து மேலே பார்த்தாள். பல வருடங்களாக முகம் கொடுத்துப் பேசாத இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தேங்க்ஸ்" என்றாள் வத்சலா, விருப்பமில்லாமல்.

"நாளைக்கும் படுத்தினா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அம்சவேணி துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.